உங்களுக்குத் தெரியுமா? நியூட்ரினோவை நிறுப்பது எப்படி?

● சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி பாய்கின்றன. கட்டுமாவடிக் கடற்கரையில் நிற்பவரின் கட்டைவிரல் நகத்துக்கும் இதே கணக்குதான். இரவிலும் விடாது, பூமியைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து வரும்!

● நியூட்ரினோவை எந்தத் தராசிலும் வைக்க முடியாது. மீனைக் கூடையோடு நிறுத்துக் கூடையைக் கழிப்பது போன்ற கணக்குதான் வழி. அதற்கு உதவுவது ட்ரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன். கல்பாக்கத்தின் கனநீர் அணு உலைகளிலும் இது உண்டாகிறது. இதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்.

● ட்ரிட்டியம் பீட்டா சிதைவு அடையும்போது வெளிவரும் சுமார் 18,600 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்; இரண்டுக்கும் நிறை ஒன்றே) பங்கு போடுகின்றன. எலக்ட்ரான் எவ்வளவு அள்ளினாலும், மற்றதன் நிறைக்குரிய பங்கை விட்டுவைத்தே ஆகவேண்டும். அந்த உச்சவரம்பில் விழும் துண்டுதான் நியூட்ரினோவின் நிறை.

● இதை அளந்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள 'கேட்ரின்' ஆய்வு. அதன் 200 டன் எஃகுக் கலன் 2006இல் சுமார் 400 கி.மீ. தொலைவிலிருந்து வரவேண்டியது. சாலையில் அடங்காததால் டான்யூப் நதி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், ரைன் நதி எனச் சுமார் 9,000 கி.மீ. சுற்றி வந்தது!

● 2025இல் கேட்ரின் அறிவித்த முடிவு: நியூட்ரினோவின் நிறை, ஆற்றல் அலகில் சொன்னால், 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே. எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

● தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் நோக்கம் வேறு: நியூட்ரினோவின் மூன்று நிறைநிலைகளில் எது லேசு, எது கனம் என்ற வரிசையைக் கண்டறிவது.