கரைந்தபடியே மருந்து தரும் இழைகள்

விழுங்கிய மாத்திரையின் மருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவுகிறது. நோயுள்ள இடத்துக்குச் சேர்வது அதில் சிறு பங்குதான். மருந்தைப் பாலிமர் இழையில் ஏற்றி, அந்த இடத்திலேயே வைத்து, நாள்கணக்கில் கசியவிட்டால் குறைந்த அளவே போதும்.

ஈறு நோய் சிகிச்சையில் இது முன்பே கைகூடியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளத்தில் கிருமிகள் பெருகுகின்றன. அங்கே செருகுவதற்கான ஆக்டிசைட் என்ற இழைக்கு 1994-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 23 செ.மீ. நீளமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அதில் 12.7 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் இருந்தது. பல்லைச் சுற்றி அடுக்கடுக்காக மடித்துப் பள்ளத்தை நிரப்பினால் 10 நாள் மருந்து கசியும். ஆனால் இழையின் பொருளான எத்திலீன் வினைல் அசிட்டேட் உடலில் கரையாது. நோயாளி திரும்ப வந்து அதை அகற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கரையும் பாலிமர்களில் இந்தத் தொல்லை இல்லை. அறுவை சிகிச்சையின் கரையும் தையல் நூல்களில் பல ஆண்டுகளாகப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைகாலிக் அமிலம், இரண்டும் இணைந்த பி.எல்.ஜி.ஏ. ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. உடலிலுள்ள நீர் இவற்றின் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. மிஞ்சும் லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களை உடலே கழித்துவிடுகிறது.

கரையும் வேகத்தைச் சேர்மான விகிதம் தீர்மானிக்கிறது. இரண்டும் சரிபாதியாக உள்ள பி.எல்.ஜி.ஏ. ஓரிரு மாதங்களில் சிதையும். நீரை எளிதில் உள்ளே விடாத லாக்டிக் பங்கு கூடினால் காலம் நீளும். பாலிகாப்ரோலாக்டோன் என்ற மற்றொரு கரையும் பாலிமர் மறைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

மருந்து வெளியேறுவது இரு வழிகளில். முதலில் இழைக்குள் ஊறும் நீரில் கரைந்து வெளியே பரவுகிறது. பிறகு இழை சிதையச் சிதைய, உள்ளே சிக்கியிருந்ததும் விடுபடுகிறது. மேற்பரப்பில் படிந்திருக்கும் மருந்து முதல் சில மணி நேரத்திலேயே மொத்தமாக வெளியேறிவிடுவது பெரிய சிக்கல். மின்புலத்தால் பாலிமர் கரைசலை இழுத்து நூற்கும் முறையில் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகள் கிடைக்கின்றன. இவற்றின் மேற்பரப்பளவு மிக அதிகம் என்பதால் சிக்கலும் கூடுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழல் ஊசியால் நூற்றால், மருந்து நடுவிலும் வெறும் பாலிமர் உறையாகவும் அமைந்து, கசிவு சீராகிறது.

உருக்கி நூற்றால் வெப்பத்தில் பல மருந்துகள் கெட்டுவிடும். கரைப்பான் சேர்த்து நூற்றால் அதன் எச்சத்தை முழுதும் நீக்கியாக வேண்டும். எனவே மருந்தின் தன்மை, அது தேவைப்படும் நாள்கள் ஆகியவற்றைப் பார்த்தே பாலிமரும் நூற்கும் முறையும் தேர்வாகின்றன.