மட்டக்குதிரைக் கழகம்

உயிர்களிடத்து அன்பு கொள்ளுதல் எளிது. அவ்வன்பு அவ்வுயிர்களுக்கு நன்மை பயக்குமாறு ஒழுகுதல் அரிது. செடி ஒன்றை விரும்பி வளர்க்கும் சிறுவன், விருப்ப மிகுதியால் வேளைதோறும் குடங்குடமாக நீர் வார்ப்பானாயின், அச்செடி வேரழுகிப் பட்டுப்போகும். ஆதலின், அன்பிற்கு அறிவு துணைநிற்றல் வேண்டும். இவ்வுண்மையை ஏட்டின் வாயிலாக அன்றி, உயிருள்ள விலங்கு ஒன்றின் வாயிலாகச் சிறார்க்குப் புகட்டும் அமைப்பு ஒன்று இங்கிலாந்தில் தோன்றிப் பல நாடுகளிலும் பரவியுள்ளது. அதுவே மட்டக்குதிரைக் கழகம்.

உருவத்தில் சிறிய குதிரை மட்டக்குதிரை எனப்படும். குதிரையின் உயரத்தைக் 'கை' என்னும் அளவால் அளப்பது ஆங்கில நாட்டு வழக்கு. ஒரு கை என்பது 4 அங்குலம். கழுத்தும் முதுகும் கூடும் இடத்திலுள்ள மேட்டிலிருந்து தரைவரை அளந்து, 14 கை 2 அங்குலத்திற்கு, அதாவது ஏறத்தாழ 148 சென்டிமீட்டருக்கு மேற்படாதவற்றை மட்டக்குதிரை என வகுப்பர். எக்ஸ்மூர், டார்ட்மூர் என்னும் மேட்டு வெளிகளிலும், வேல்ஸ் நாட்டு மலைச்சாரல்களிலும் இவற்றின் இனங்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. வடகோடியில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் குதிரையோ 42 அங்குல உயரத்திற்கு மேற்படாதது. எனினும் அது வலிமை மிக்கது. 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்களின் தாழ்ந்த வழிகளில் வண்டியிழுத்து உழைத்த விலங்குகளுள் அதுவும் ஒன்று. குளிரும் காற்றும் மிக்க இடங்களில் வளங்குன்றிய புல்லை மேய்ந்து வாழப் பழகியமையால், இவ்வினங்கள் உருவம் சிறுத்தும் உடல் உரத்தும் அமைந்தன.

முற்காலத்தில் குதிரையேறிச் செல்லுதல் வீரர்க்கும் செல்வர்க்கும் உரிய கலையாக விளங்கியது. உழவரும் வண்டிக்காரரும் தம் தொழிலின் பொருட்டுக் குதிரைகளைப் பேணி வந்தனர். முதல் உலகப் போருக்குப் பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. வயலிலும் தெருவிலும் குதிரைகள் அருகின. குதிரையைப் பேணும் அறிவு தந்தையிடமிருந்து மக்களுக்கு இயல்பாகச் சென்றுகொண்டிருந்த வழியும் அடைபடலாயிற்று. அந்நிலையில், அவ்வறிவை இளையோர்க்கு முறையாகக் கற்பிக்கும் நோக்கத்துடன் 1929-ஆம் ஆண்டில் இக்கழகம் நிறுவப்பட்டது. பின்னர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இத்தகைய கழகங்கள் தோன்றின. அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டில் ஒரு கழகம் எழுந்தது. இருபத்தைந்து வயது வரையுள்ள இளையோர் இங்கிலாந்துக் கழகத்தில் உறுப்பினர் ஆகலாம். சொந்தக் குதிரை இல்லாதவரும் குதிரையேற்றப் பள்ளிகளின் வாயிலாக இதிற் சேர்ந்து பயில இடமுண்டு.

குதிரையேற்றப் பள்ளிக்குப் புதிதாக வரும் சிறுவர், வந்தவுடன் குதிரைமீது ஏறிப் பறக்கலாம் என்று எண்ணுவர். ஆனால், அவர் கையில் முதலிற் கொடுக்கப்படுவது கடிவாளம் அன்று, துடைப்பமே. விடுமுறை நாட்களின் காலைப்பொழுதில் அப்பள்ளிகளைக் காண்போர்க்கு இது விளங்கும். சிலர் கொட்டிலிலுள்ள இலத்தியை வாரிக் கூடையிலிட்டுச் செல்வர். சிலர் நனைந்த வைக்கோலை நீக்கி உலர்ந்த வைக்கோலைப் பரப்புவர். சிலர் தொட்டிகளைக் கழுவித் தூய நீர் நிரப்புவர். குதிரையின் பசி தீர்ந்த பின்னரே தம் பசியை நினைத்தல் வேண்டும் என்பது அங்கு எழுதாத சட்டம்.

குதிரையை அணுகுவதற்கும் முறையுண்டு. குதிரை புலால் உண்ணும் விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனம். ஆதலின், ஐயம் தோன்றியவுடன் ஓடுதலும், ஓட வழியில்லையாயின் உதைத்தலும் அதன் இயல்பு. அதன் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்திருத்தலால், ஏறத்தாழச் சுற்றிலும் உள்ள பொருள்களை அது காணவல்லது. எனினும், தனக்கு நேர்பின்னேயும் நெற்றிக்கு மிக அண்மையில் நேர்முன்னேயும் உள்ளவற்றை அது காண்பதில்லை. ஆகவே, பின்புறமாக ஓசையின்றிச் செல்லுதல் பெருந்தவறு. மெல்லப் பேசிக்கொண்டே தோட்பக்கமாக அணுகி, கழுத்தைத் தடவிக் கொடுத்தல் வேண்டும். செவிகள் முன்னோக்கி நிமிர்ந்திருப்பின் அது கருத்துடன் நோக்குகின்றது என்றும், பின்னோக்கி ஒட்டிப் படிந்திருப்பின் சினந்துள்ளது என்றும் அறியலாம். வாய்பேசாத குதிரைக்குச் செவியே மொழி எனலாம்.

அடுத்து, உடலைத் தூய்மை செய்தல். மயிரிற் படிந்த சேற்றைத் தூரிகையால் உதிர்த்து, பிடரியையும் வாலையும் சிக்கெடுத்து, குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அவற்றின் அடியில் செறிந்துள்ள மண்ணையும் கல்லையும் கொக்கியால் அகற்றுவர். சிறு கல் ஒன்று குளம்பின் அடியிற் சிக்கியிருப்பினும் குதிரை நொண்டும். குளம்பு மனிதரின் நகத்தைப் போல இடையறாது வளர்வது. ஆதலின், ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை லாடக்காரர் வந்து அதனைச் சீவி ஒழுங்கு செய்வார். சேணம் படியும் இடத்தில் புண் உள்ளதா, கால்களில் வீக்கமோ வெப்பமோ உள்ளதா என்பனவற்றைச் சிறுவர் தம் கையால் தடவித் தெரிந்துகொள்வர். தனக்குள்ள நோவைக் குதிரை வாய்விட்டுக் கூறாது. பேணுவோரே ஆராய்ந்து அறிதல் வேண்டும்.

உணவு கொடுத்தலில்தான் அறிவின் துணை மிகுதியும் வேண்டப்படுகின்றது. குதிரையின் உடல் பெரிதாயினும் அதன் இரைப்பை சிறிது. மேலும், உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்ற அதனால் இயலாது. ஆகவே, ஒரே வேளையில் மிகுதியாகக் கொடுக்காமல், சிறிது சிறிதாகப் பன்முறை கொடுத்தல் வேண்டும். முறை தவறினால் சூலை நோய் தோன்றும். அது உயிரையும் போக்கவல்லது. குதிரை தரையைக் காலால் பறித்தல், தன் வயிற்றைத் திரும்பித் திரும்பி நோக்குதல், கீழே விழுந்து புரளுதல் ஆகியவை அந்நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும் என்பது இளஞ்சிறார்க்கும் கற்பிக்கப்படும்.

மட்டக்குதிரைக்கு வேறோர் இடரும் உண்டு. வளங்குன்றிய புல்லுக்குப் பழகிய அதன் உடல், இளவேனிற் காலத்தில் தழைத்து வளரும் இனிய புல்லை மிகுதியாக மேயுமாயின், குளம்பினுள் அழற்சி உண்டாகும். குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய பகுதிகள் அதனால் கெடும். ஒவ்வோர் அடியும் பெருந்துன்பமாகும். நோய் முற்றினால் குதிரை வாழ்நாள் முழுதும் முடமாதலும் உண்டு. பசும்புல்வெளியைக் கண்டு கனைக்கும் குதிரையை அங்கு விடாமல் தடுத்து, அளவறிந்து உலர்புல் இடுதல் அதன்பால் அன்புடைய சிறுமிக்கு எத்துணைக் கடினமாயிருக்கும்! ஆயினும், அவ்வாறு தடுப்பதே உண்மையன்பு என்பதை அவள் அங்குக் கற்றுக்கொள்கின்றாள்.

இவற்றையெல்லாம் பழகிய பின்னரும், பழகும் பொழுதும் ஏறுதற் பயிற்சி நிகழும். தலைக்கவசம் அணியாமல் எவரும் ஏறுதல் கூடாது. சேணத்தின் வயிற்றுவாரை இழுத்துச் சரிபார்த்து, இடப்புறமாக நின்று, அங்கவடியிற் காலை வைத்து ஏறுவர். தொடக்கத்தில் ஆசிரியர் நீண்ட கயிறு ஒன்றைப் பற்றி நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமிடும். செவி, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு அமர்தல் நல்ல இருக்கை எனப்படும். நடை, துள்ளுநடை, மென்பாய்ச்சல், நாலுகாற் பாய்ச்சல் என்னும் நான்கும் முறையே பயிலப்படும். பண்டைத் தமிழரும் குதிரையின் கதிகளை ஐவகையாக வகுத்து ஐங்கதி என வழங்கினர்.

தன் தோலின்மேல் ஈ ஒன்று அமரினும் அதனை உணர்ந்து சிலிர்ப்பது குதிரை. அத்தகைய விலங்கின் வாயிலுள்ள கடிவாள இரும்பை முரட்டுத்தனமாக இழுத்தல் கொடுமையாகும். சிறு பறவையைக் கையிற் பிடித்திருப்பது போல, நழுவவும் விடாமல் நசுக்கவும் செய்யாமல், கடிவாள வாரைப் பற்றுதல் வேண்டும். ஏறியிருப்பவர் அஞ்சினால் குதிரையும் அஞ்சும். அவர் சினந்தால் அது மிரளும். ஆகவே, குதிரையை அடக்கக் கருதுபவர் முதலில் தம்மை அடக்கிக்கொள்ளுதல் வேண்டும். கீழே விழுந்தவர் தமக்குக் காயம் இல்லையாயின் குதிரையின்மேல் பழி கூறாமல், தாம் செய்த பிழை யாதென ஆராய்ந்து மீண்டும் ஏறுவர். பயிற்சி முடிந்து திரும்புகையில் இறுதிப் பகுதியை மெல்ல நடத்தியே வருவர். வியர்த்துக் களைத்த குதிரையை அப்படியே கொட்டிலில் விடுதல் தகாது.

கழகத்தில் திறன் தேர்வுகள் பல உண்டு. அவை ஆங்கில எழுத்துகளால் ஈ முதல் ஏ ஈறாகப் படிப்படியாக உயர்வன. ஏறும் திறத்தோடு பேணும் அறிவும் அவற்றில் ஆராயப்படும். கோடை விடுமுறையில் முகாம்கள் நடைபெறும். அங்குச் சிறுவர் தம் குதிரைகளைத் தாமே பேணி, சேணத்தை நாள்தோறும் துடைத்து, கொட்டிலைப் பார்வையிட வருவோர்க்குக் காட்டுவர். வீட்டில் தம் உடையையும் மடித்துவைக்காத சிறுவர், அங்கு விடியுமுன் எழுந்து வைக்கோல் சுமப்பதைக் காணலாம்.

விளையாட்டுகளும் கழகத்திற்குச் சிறப்பூட்டுவன. குதிரைமீதமர்ந்து ஆடும் இவற்றிற்கு ஜிம்கானா என்று பெயர். இச்சொல் இந்தியாவில் தோன்றி ஆங்கிலத்திற்குச் சென்றது. நட்டுவைத்த கழிகளினிடையே வளைந்து வளைந்து ஓடுதல், கொடியை எடுத்துச் சென்று வேறிடத்தில் நாட்டுதல் முதலியன இவற்றுள் அடங்கும். விலையுயர்ந்த குதிரை வாங்க இயலாத சிறுவரும் கலந்துகொள்ளத்தக்க போட்டி ஒன்று வேண்டும் என்று பிலிப் இளவரசர் விரும்பினார். அவ்விருப்பத்திற்கிணங்க அதனை வகுத்தவர் கர்னல் மைக் ஆன்செல் என்பவர். அவர் இரண்டாம் உலகப் போரிற் கண்பார்வை இழந்தவர். எனினும் குதிரையேற்றத் துறைக்கு உழைப்பதைக் கைவிடாதவர். 1957-ஆம் ஆண்டில் லண்டனில் முதன்முதலாக அப்போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. குதிரையின் விலை அங்கு வெற்றி தருவதில்லை. சிறுவனும் குதிரையும் ஒருவரையொருவர் அறிந்து பழகிய பழக்கமே வெற்றி தருகின்றது.

இப்பழக்கத்தின் ஆற்றலுக்குச் சான்றாக விளங்கியவர் டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் அம்மையார். குதிரையேற்றத்தில் தேர்ந்த அவர் 1944-ஆம் ஆண்டில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டார். விடாமுயற்சியால் ஓரளவு தேறினாராயினும், முழங்காலுக்குக் கீழ் வலிமை திரும்பவில்லை. பிறர் உதவியின்றிக் குதிரைமீது ஏறவோ இறங்கவோ அவரால் இயலாது. எனினும், 'ஜூபிலி' என்னும் தம் குதிரையை உடலின் நுண்ணிய அசைவுகளால் இயக்கப் பழகினார். 1952-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில், படைத் தலைவர்களோடு பெண்டிரும் முதன்முறையாகக் கலந்துகொண்ட குதிரை நடைப் போட்டியில், வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர்தம் வெற்றி பலர்க்கு ஊக்கமளித்தது. உடற்குறையுடையோர்க்குக் குதிரையேற்றம் பயிற்றும் சங்கம் 1969-ஆம் ஆண்டில் பிரிட்டனில் அமைந்தது. தரையில் நடக்க இயலாத சிறுவர் பலர், இன்று குதிரையின் நான்கு கால்களைத் தம் கால்களாகக் கொண்டு உலாவுகின்றனர்.

மட்டக்குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. அதன்மேல் ஏறிப் பயின்ற சிறுவரோ சில ஆண்டுகளில் வளர்ந்துவிடுவர். அப்பொழுது அக்குதிரை வேறோர் இளஞ்சிறுவனிடம் செல்லுதல் வேண்டும். பிரியும் நாளில் மூத்தவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் வடித்தாலும், தன் கடமையை மறப்பதில்லை. எந்தக் காலைத் தொட்டால் அது கூசும், எத்தகைய ஓசைக்கு அது அஞ்சும், எவ்வளவு புல் அதற்குப் போதும் என்பனவற்றையெல்லாம் இளையவனுக்கு ஒன்றொன்றாகக் கூறிக் கயிற்றை அவன் கையிற் கொடுக்கின்றாள். குதிரை பிரிந்து செல்கின்றது. அதனைப் பேணிப் பெற்ற பொறுமையும் பொறுப்பும் அவளிடமே நிலைத்து நிற்கின்றன. அறிவொடு கூடிய அன்பின் பயன் இதுவேயாகும்.