வயலை ஆராயும் மாணவரும் கமக்காரரும்

கண்டியிலிருந்து குருணாகலுக்குச் செல்லும் வீதியிலே, மலைச்சரிவுகளுக்கிடையில் அமைந்துள்ளது கலகெதர. வயலிற் காணும் சிற்றுயிர்களைக் கமக்காரர் பொதுவாக இருவகையாகப் பிரிப்பதுண்டு: கறிக்கு உதவும் மீன் ஒன்று, மருந்து தெளிக்கவேண்டிய பூச்சி மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காதவையே மிகுதி என்பதை ஆராய்ச்சி காட்டியுள்ளது.

வயல் மீன்களைப்பற்றிய ஆராய்ச்சி இந்நாட்டுக்குப் புதியதன்று. மேற்குத் தாழ்நிலத்து நெல்வயல்களிலும் சிறு வாய்க்கால்களிலும் வாழும் மீன்களைப்பற்றிச் சி. எச். பெர்னாண்டோ 1956இலேயே எழுதினார். பின்னர், குருணாகலுக்கு அப்பாலுள்ள பத்தலகொடவில், நீர்ப்பாய்ச்சல் வயலொன்றின் உயிரினங்கள் அனைத்தையும் சன்ன பம்பரதெனியவும் பேராதனைப் பல்கலைக்கழகத்து உடனாய்வாளரும் கணக்கெடுத்தனர். 2004இல் வெளியான அக்கணக்கில் முள்ளந்தண்டற்ற உயிர்கள் 494 இனம். முள்ளந்தண்டுள்ளவை 103 இனம். பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலிகள் 405 இனத்துள் நெற்பயிரைத் தாக்குவன 55 மட்டுமே. அப்பீடைகளின் இயற்கை எதிரிகளோ 200 இனமாகும்!

இதன் பயன் யாது? கபிலத் தத்தி தன் முட்டைகளை நெல்லின் இலைமடலுக்குள் இடுகின்றது. கண்டவுடன் மருந்து தெளித்தால் வெளியே திரியும் சிலந்திகள் மடிகின்றன. மடலுக்குள்ளிருக்கும் முட்டைகளுட் பல தப்புகின்றன. பொரித்துவரும் குஞ்சுகளைத் தின்பாரில்லாமையால் தத்தி முன்னினும் பெருகக்கூடும். பணமும் போகும், விளைச்சலும் போகும். சிறுபோகத்தில் மரக்கறி பயிரிடுவோரும் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும். பாத்திக்குத் தெளித்த மருந்து மழையோடு வாய்க்காலில் இறங்கி, கீழ்வயலிலுள்ள மீனையும் கொல்லக்கூடும்.

பத்தலகொடவில் எண்ணியது ஒரு வயலின் கணக்கே. மலைச்சரிவு வயல்களின் கணக்கு வேறாயிருக்கலாம். அதனை எடுக்க வேண்டியவர் மாணவரே. பேராதனை விஞ்ஞான பீடத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பயில்வோர் இறுதியாண்டில் ஆராய்ச்சியொன்றைச் செய்து அறிக்கை அளித்தல் வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் கற்ற கமக்காரரின் பிள்ளைகள் இதற்குப் பெரிதும் ஏற்றவர். வயலில் இறங்கி வளர்ந்த பிள்ளைக்கு அயிரை எங்கே ஒதுங்கும், விரால் எப்போது ஏறும் என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மாணவர் கைவலையால் பயிரைத் துழாவிப் பூச்சிகளைப் பிடிப்பர். குறித்த அளவு நீரை அள்ளி வடிகட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்வர். பயிருக்கு இதனால் குறிப்பிடத்தக்க சேதமில்லை. வரம்பு மிதிபடுவதுண்டு, அதனைத் திருத்தித் தருமாறு கேட்பதில் தவறில்லை. கமக்காரர் அளிக்கவேண்டியது, விதைத்த நாள், நீர் வடித்த நாள், தெளித்த மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றின் உண்மையான குறிப்பு. வெட்கத்தால் ஒரு தெளிப்பை மறைத்தாலும் மாணவரின் ஓராண்டு உழைப்பு பிழைபடும்.

தம் வயலை ஆராய்ச்சிக்குத் தர விரும்புவோர் பல்கலைக்கழக விலங்கியற்றுறைத் தலைவருக்கு முதல் உழவுக்கு முன்னரே எழுதுதல் நன்று. வயலிலே நீர் நின்ற நாள்முதல் உயிரினங்கள் வந்து சேரத் தொடங்குவதால், பிந்தி வரும் மாணவர் அத்தொடக்கத்தைக் காணமாட்டார்.