கடன் தீர்ந்த கார்டை மூடலாமா?

கிரெடிட் கார்டு பாக்கியை முழுவதும் கட்டித் தீர்ப்பது ஒரு வேலை; அந்தக் கார்டின் கணக்கை மூடுவது இன்னொரு வேலை. பாக்கி பூஜ்யம் ஆனபிறகும் கணக்கு உயிரோடுதான் இருக்கும். லிமிட் அப்படியே நிற்கும், ஆண்டுக் கட்டணம் அதன் தேதியில் விழும், கார்டைத் தேய்த்தால் கடனும் மறுபடி ஏறும். பல மாதம் வட்டி கட்டிச் சலித்தவர்கள் கடைசித் தவணை கட்டிய கையோடு கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிடுவதுண்டு. வெட்டப்படுவது பிளாஸ்டிக் மட்டும்தான். வங்கியின் ஏட்டில் கணக்கு திறந்தே இருக்கும்.

மூடுவதா வைத்திருப்பதா என்ற கேள்வியில் எல்லோரும் முதலில் அஞ்சுவது சிபில் ஸ்கோர் குறைந்துவிடுமோ என்றுதான். இந்தியாவில் கடன் விவரங்களைத் திரட்டி 300 முதல் 900 வரை மதிப்பெண் போடும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். முதலில் வந்தது சிபில் என்பதால் ஸ்கோர் என்றாலே சிபில் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கார்டை மூடுவது தவறு என்று இவர்கள் யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. குறைவது வேறு வழியில் நேர்கிறது.

ஒருவரிடம் இரண்டு கார்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் லிமிட் 1,00,000 ரூபாய், மற்றதன் லிமிட் 50,000. மாதம் 30,000 ரூபாய்க்குச் செலவு செய்கிறார். மொத்த லிமிட்டான ஒன்றரை லட்சத்தில் அது 20 சதவீதம். பெரிய லிமிட் உள்ள கார்டை மூடியதும் அதே 30,000 ரூபாய், மீதமுள்ள 50,000-இல் 60 சதவீதம் ஆகிவிடுகிறது. செலவில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் இயந்திரத்துக்கு அவர் கடனை நம்பி வாழ்பவராகத் தெரிகிறார். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அது சட்டமல்ல, நடைமுறையில் பழகிவந்த ஓர் அளவு. சிறிய லிமிட் கார்டை மூடினால் விகிதம் 30 சதவீதத்தில் நிற்கும்; அவ்வளவாகப் பாதிக்காது. பெரிய கார்டைத்தான் மூடியாக வேண்டும் என்றால், மற்றக் கார்டின் லிமிட்டை உயர்த்தித் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவந்தாலும் விகிதம் குறைவாகப் பதிவாகும்.

கணக்கின் வயதுக்கும் ஸ்கோரில் ஒரு பங்கு உண்டு. அதனால் பத்து வருடப் பழைய கார்டை மூடினால் பத்து வருட நற்பெயரும் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அழிவதில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூடிய கணக்கில் ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் ரிப்போர்ட்டில் தொடர்ந்து நிற்கும், தவறவிட்ட மாதங்களும்தான். பழைய தாமதங்களை மறைக்கலாம் என்று எண்ணிக் கார்டை மூடுவதில் பலன் இல்லை.

வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ அடுத்த சில மாதங்களில் விண்ணப்பிக்கப் போகிறவர் அது கைக்கு வரும்வரை கார்டை மூடாமல் இருப்பதே நல்லது. வேறு கார்டே இல்லாதவரும், ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு உள்ளவரும் மூட அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் வைத்திருப்பவர் அவ்வப்போது அதில் ஒரு சின்னச் செலவாவது செய்ய வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டுக்கு வங்கி அறிவிப்பு அனுப்பும். 30 நாளில் பதில் இல்லையென்றால், பாக்கி இல்லாத அந்தக் கணக்கைத் தானாகவே மூடிவிடும்.

மூடுவதற்கான காரணங்களில் ஆண்டுக் கட்டணம் கண்ணுக்குத் தெரிவது. 1,000 ரூபாய் கட்டணம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய். இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்ற சலுகையை எட்டுவதற்காகவே வேண்டாததை வாங்குவதாக இருந்தால் அந்தக் கார்டு நஷ்டம். கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மூடப் போவதாகச் சொன்னதும் பல வங்கிகள் இறங்கி வரும்.

இன்னொரு காரணம் எந்த ரிப்போர்ட்டிலும் வராதது. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். அந்தக் குழியிலிருந்து மூச்சு வாங்கி ஏறி வந்தவருக்கு, பர்சில் கார்டு இருந்தால் கை சும்மா இராது என்று தன்னைப் பற்றித் தெரியுமானால், அவர் ஸ்கோரைப் பற்றி யோசிக்காமல் மூடிவிட வேண்டும். இறங்கிய ஸ்கோர் ஒழுங்காகக் கட்டிவந்தால் மறுபடி ஏறும். 42 சதவீத வட்டியில் மறுபடி மாட்டினால் குழந்தையின் பள்ளிக் கட்டணத்திலும் வீட்டு நகையிலும்தான் அது வந்து முடியும்.

மூட முடிவெடுத்த பிறகு அவசரம் ஆகாது. பாக்கியைச் சுமந்துவந்த கார்டில், ஸ்டேட்மென்ட்டில் கண்ட தொகையை முழுதாகக் கட்டினாலும் கணக்கு முடிவதில்லை. 5-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் 40,000 ரூபாய் என்று வருகிறது, 20-ஆம் தேதி கட்டப்படுகிறது என்றால் இடைப்பட்ட 15 நாளுக்கும் வட்டி ஓடியிருக்கும். 42 சதவீதக் கணக்கில் அது ஏறக்குறைய 690 ரூபாய், ஜிஎஸ்டி 124 ரூபாய். இது அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில்தான் தலைகாட்டும். கடன் தீர்ந்தது என்று நினைத்தவர் அந்த மெயிலைத் திறந்தே பார்க்காமல் விட, அதன்மேல் தாமதக் கட்டணமும் ஏறிச் சிபிலில் தவறியவர் என்று பதிவாகிவிடுகிறது. எனவே பாக்கி இல்லை என்று காட்டும் ஒரு ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு.

ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ இருந்தால் அதையும் முன்கூட்டியே முடிக்க வேண்டும்; அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். சேர்ந்திருக்கும் ரிவார்டு பாயின்ட்டுகளை முதலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மின்கட்டணம், ஓடிடி சந்தா, காப்பீட்டு பிரீமியம் என்று ஆட்டோ பேயில் போனவற்றை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். இதில் காப்பீடுதான் முக்கியம்: ஒரு பிரீமியம் கவனிக்காமல் தவறினால் பாலிசியே காலாவதியாகலாம். மனைவிக்கோ பிள்ளைக்கோ வாங்கிக் கொடுத்த ஆட்-ஆன் கார்டும் மூலக் கார்டோடு செத்துவிடும் என்பதால் அவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

பாக்கியைப் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர் நிலைமை வேறு. அவருடைய ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். முழுதாகக் கட்டி மூடிய கணக்கோடு இதை எந்த வங்கியும் சமமாக எண்ணாது. விட்டுப்போன தொகையைக் கட்டி அந்தக் குறியை மாற்றிக்கொள்ள வங்கியிடம் பேசலாம்.

மூடும் விண்ணப்பத்துக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் தெளிவான விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூலை முதல், பாக்கி இல்லாத கணக்கை 7 வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கஸ்டமர் கேர், மெயில், இணையதளம், மொபைல் ஆப் என எதிலும் விண்ணப்பிக்கலாம். தபாலில் கடிதம் அனுப்பினால்தான் ஆகும் என்று வங்கி அடம்பிடிக்கக் கூடாது. போனில் மட்டும் சொல்லி விடாமல் மெயிலிலும் அனுப்பிவைத்தால் தேதிக்குச் சான்று இருக்கும். 'கணக்கை மூடிக் கொள்கிறேன், பாக்கி எதுவும் இல்லை என உறுதிசெய்து எழுத்தில் தரவும்' என்ற ஒரு வரி போதும். கார்டில் கூடுதலாகக் கட்டிய பணம் இருந்தால் அதை வங்கி சேமிப்புக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கிய கார்டென்றால் டெபாசிட்டின் மேலுள்ள பிடி விலகிவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

மூடிய விவரத்தை 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி தெரிவிக்க வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தருகின்றன. ஒன்றரை மாதம் கழித்து அதை எடுத்து, அந்தக் கணக்கின் எதிரே மூடிய தேதி இருக்கிறதா, பாக்கி பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் புகார் கொடுக்கலாம். 30 நாளில் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. வங்கியின் பதில் திருப்தியளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். கத்தரியை எடுக்க வேண்டிய நேரம் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான். கார்டின் சிப்பும் பின்புறக் கறுப்புப் பட்டையும் துண்டாகும்படி வெட்ட வேண்டும்.