மருந்தடிக்கும் பெண்களுக்கு அளவெடுத்த உடுப்பு

பருத்திக் காட்டில் மருந்து கலக்குவது, தண்ணீர் சுமந்து ஊற்றுவது, ஆள் இல்லாத நாளில் அடிப்பது எல்லாம் பல வீடுகளில் நீங்கதான். உடுப்பு மட்டும் வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை. சேலைக்கு மேலே மாட்டிக்கிட்டா போதும்னு நினைக்கிறோம்.

போதாதுங்க. மார்புக்குச் சரியாக இருக்கிற ஆண் சட்டை, பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே பிடிக்கும். கீழ்ப் பொத்தானைப் போட முடியாது. தோள் இறங்கிக் கை நீண்டுவிடும், மடிச்சுவிடுவோம். அந்த மடிப்பில்தான் மருந்துத் தண்ணீர் தேங்கி, மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடக்கும். தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும். பாரத்தியான் மருந்தை வைத்துச் செய்து 1971-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், முன்கையைவிட நெற்றித் தோல் சுமார் 4 மடங்கு உறிஞ்சியது. அக்குள் அதைவிட அதிகம். இறுக்கமான சட்டை முதலில் கிழிவதும் அக்குளில்தானே!

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் அளவே எடுக்க வேண்டாம்; அவங்க மருந்துப் பக்கமே போகக்கூடாது. மற்றவங்க, இன்னொரு பெண்ணைவிட்டு அளவு எடுக்கச் சொல்லுங்க. வேலைக்குப் போடுகிற ரவிக்கையோடு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நில்லுங்க. மார்பு, இடுப்பு, பிட்டம் மூன்றுக்கும் சுற்றளவு வேணும். மார்பிலும் பிட்டத்திலும் 4 அங்குலமாவது லூஸ் விடணும். கை நீளத்தை, முழங்கையை மடக்கிக்கொண்டு தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை எடுக்கணும். நீட்டிய கையில் எடுத்தால், விசையைப் பிடிக்கும்போது சட்டைக்கை மேலே ஏறிவிடும். கால்சட்டைக்கு, ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளக்கணும். இந்த அளவு குறைந்தால் குந்தும்போது தையல் விட்டுவிடும்.

கையுறையை மறந்துடாதீங்க. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் 7 அங்குலம் வருதா? 7-ம் நம்பர் உறை வாங்குங்க. உறை பெரிசா இருந்தா விரல் நுனி தொங்கும். பாட்டில் மூடியைத் திருக வராது. உடனே கழற்றிப் போட்டுட்டு வெறுங்கையால் திருகுவோம். மருந்து தண்ணீர் சேராமல் முழு வீரியத்தோடு இருக்கிற நேரமே அதுதான்.

தாழ்வான செடிக்கு அடிக்கும்போது உறையின் மேல் சட்டைக்கை இருக்கணும். தலைக்கு மேலே தூக்கி அடிக்கும்போது சட்டைக்கையின் மேல் உறை இருக்கணும். இல்லாவிட்டால் வழிகிற மருந்து உள்ளேயே இறங்கும்.

தைத்து வந்த உடுப்பைக் கண்ணாடி முன்னால் பார்த்தால் போதாது. வெறும் டேங்கை முதுகில் மாட்டி, குந்தி எழுந்து, இரண்டு கையையும் தூக்கிப் பாருங்க. அக்குளில் பிடித்தால் அப்பவே தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்க.