போட்டோ போனால் திரும்பாது! வெளி 'ஹார்ட் டிஸ்க்' வாங்குவோர் உஷார்! நெய்வேலி வீடுகளுக்கு ஏற்றது எது? எந்த வயர்?

நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்சைக் காலி செய்வது என்றால் சும்மா இல்லை. ஒரு கல்யாணத்துக்கு உண்டான அமளி!

ஓய்வு பெற்றதும் பீரோ, கட்டில், கிரைண்டர், பூந்தொட்டி எல்லாம் லாரியில் ஏறும். இந்திரா நகர், வடக்குத்து, கடலூர், விருத்தாசலம் என்று ஆளுக்கு ஒரு திசையாகப் போவார்கள்.

எல்லாம் ஏறிய பிறகு மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மிச்சம் நிற்கும். "இதைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள்.

போடலாம். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருப்பது என்ன? மகள் கல்யாண வீடியோ. பேரன் முதல் முதலாக நடந்த படம். மறைந்து போன அப்பாவின் கடைசி போட்டோ. பி.எப்., இன்சூரன்ஸ் காகிதங்களின் நகல்.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். அப்பாவின் போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தி விட்டது. அதனால் பழைய கம்ப்யூட்டரை மாற்ற நினைப்பவர்கள் அதிகம். அவர்கள் முதலில் வாங்க வேண்டியது, வெளியே வைத்துச் சொருகும் ஒரு டிஸ்க்!

இரண்டுக்கும் ஒரே வயசு!

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது 1956-ல். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது.

24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன். அத்தனை பெரிய பூதத்தில் அடங்கியது என்னவோ 50 லட்சம் எழுத்துகள்தான்! இன்றைய செல்போனில் ஒன்றிரண்டு படம் எடுத்தாலே அது நிரம்பி விடும்.

இப்போது சட்டைப் பையில் போகிற 1 டி.பி. டிஸ்க் அதைப் போல சுமார் 2 லட்சம் மடங்கு கொள்ளும்.

சுற்றுவது ஒன்று, சுற்றாதது ஒன்று

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள்.

ஒன்று, ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுற்றும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்பது சாதாரணம். தட்டுக்கு மேலே தலைமுடியை விடக் குறைந்த இடைவெளியில் ஒரு முனை பறந்து கொண்டே எழுதும், படிக்கும். ஓடும்போது மேஜையிலிருந்து விழுந்தால் அநேகமாகக் கதை முடிந்தது!

இன்னொன்று, எஸ்.எஸ்.டி. இதில் சுற்றுவது எதுவும் இல்லை. எல்லாம் சில்லு. வேகம் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும். விலையும் அதிகம்.

"அப்போ எஸ்.எஸ்.டி.தான் உசத்தியா?"

அப்படிச் சொல்ல முடியாது. தினமும் பையில் தூக்கிப் போகிறவருக்கு அது நல்லது. காப்பி எடுத்துப் பீரோவில் வைக்கிறவருக்கு ஹார்ட் டிஸ்க்கே போதும். ஒரே காசுக்கு இடம் அதிகம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால் பதிவு கரைந்து போகவும் வாய்ப்பு உண்டு.

ஹார்ட் டிஸ்க்கிலும் சிறிசு, பெரிசு உண்டு. இரண்டரை அங்குல வகை கம்ப்யூட்டர் வயரிலேயே மின்சாரம் எடுத்துக் கொள்ளும். மூன்றரை அங்குல வகைக்குத் தனி அடாப்டர் வேண்டும். மேஜையை விட்டு நகராத டிஸ்க் என்றால்தான் பெரிசு.

சுரங்கத்து பெல்ட் மாதிரி!

டிஸ்க்கை விட மக்கள் குழம்புவது வயரில்தான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுரங்கத்தில் ராட்சத சக்கர இயந்திரம் வாளி வாளியாகத் தோண்டுகிறது. தோண்டியது பெல்ட்டில் ஓடி வெளியே வருகிறது. இயந்திரம் எவ்வளவு வேகமாகத் தோண்டினாலும், பெல்ட் மெதுவாக ஓடினால் என்ன பிரயோஜனம்? பெல்ட் பறந்தாலும், தோண்டுவது மெதுவாக இருந்தால் பெல்ட் காலியாகத்தான் ஓடும்.

டிஸ்க்தான் இயந்திரம். வயரும் அது சொருகும் வாயும்தான் பெல்ட். இரண்டும் பொருந்த வேண்டும்.

இன்றைய பெல்ட்டின் பெயர் யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. இதை உருவாக்கிய இன்டெல் கம்பெனிக் குழுவில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட்.

2000-ல் 2.0 வந்தது. 2008-ல் 3.0 வந்தது. காகிதக் கணக்குப்படி பத்து மடங்கு வேகம். பழைய வாய் பெரும்பாலும் கறுப்பு அல்லது வெள்ளை. 3.0 வாய் பெரும்பாலும் நீல நிறம்.

100 ஜி.பி. படங்களைக் காப்பி எடுக்க என்ன நேரம் ஆகும்?

ஹார்ட் டிஸ்க்கைப் பழைய 2.0 வாயில் சொருகினால் சுமார் முக்கால் மணி நேரம். அதே டிஸ்க்கை நீல வாயில் சொருகினால் சுமார் கால் மணி நேரம். எஸ்.எஸ்.டி.யை நீல வாயில் சொருகினால் நாலைந்து நிமிடம். அதே எஸ்.எஸ்.டி.யைப் பழைய வாயில் சொருகினால்? மறுபடியும் முக்கால் மணி நேரம்தான்! சின்னச் சின்னப் பைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றிலும் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

ஆக, வீட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர், அதில் நீல வாயே இல்லை என்றால், வேகத்துக்காக எஸ்.எஸ்.டி.க்குக் காசைக் கொட்டுவது வீண்.

"தண்டர்போல்ட்" என்று ஒன்று சொல்வார்கள். 2011-ல் வந்தது. படு வேகம். வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவருக்கு உதவும். வீட்டுப் போட்டோவுக்கு அது வேண்டாத செலவு.

வாயைப் பார்த்து ஏமாறாதீர்!

இப்போது வருகிற டிஸ்க்குகளில் பல 'சி' வகை வாயோடு வருகின்றன. எப்படிச் சொருகினாலும் போகும். சௌகரியம்தான். ஆனால் 'சி' என்பது வாயின் வடிவம், வேகம் அல்ல!

போன் சார்ஜ் செய்யும் 'சி' வயர் பலவற்றில் 2.0 வேகம்தான் ஓடும். டிஸ்க்கோடு வந்த வயரை டிஸ்க்குக்கே வைத்துக் கொள்ளுங்கள். போன் சார்ஜருக்குத் தானம் செய்து விடாதீர்கள்!

சொருகியதும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து டிஸ்க் தெரியவில்லையா? மின்சாரம் போதாமல் இருக்கலாம். பெட்டியின் முன்பக்க வாயை விட்டுப் பின்பக்க வாயில் சொருகிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி விடுங்கள். ஓட விட்டால் சேதம் கூடும்.

மீதி எங்கே போச்சு?

"1 டி.பி.ன்னு சொல்லிக் கொடுத்தான் சார், 931தான் காட்டுது!" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

அவர் மேல் தப்பில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், படி வேறு!

ஆனால் நிஜமான மோசடியும் நடக்கிறது. "16 டி.பி. எஸ்.எஸ்.டி., அடிமாட்டு விலை" என்று ஆன்லைனில் வரும் சரக்கு பல, உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துப் பொய்க் கணக்குக் காட்டுபவை. ஓரளவுக்கு மேல் போட்ட படம் எல்லாம் மாயம்! பெயர் உள்ள கம்பெனி, பில், வாரண்டி மூன்றும் பார்த்து வாங்க வேண்டும். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் படத்துக்கு இல்லை.

விண்டோஸ், ஆப்பிள் இரண்டிலும் வேலை செய்ய 'எக்ஸ்பேட்' முறையில் பார்மட் செய்யலாம். பழைய 'பேட் 32' முறையில் 4 ஜி.பி.க்கு மேல் உள்ள ஒரே பைல் ஏறாது. கல்யாண வீடியோ நின்று போவது அதனால்தான். பார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும். வாங்கிய அன்றே செய்து விடுங்கள்.

ஒன்று இருந்தால் பத்தாது!

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. நெய்வேலி நகரியத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2015-ல் மழை வெள்ளம் மாவட்டத்தையே மிதக்க விட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் கம்ப்யூட்டரும் நனையும், பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கும் நனையும்.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இப்படிப்பட்ட வைரஸ் வந்தால், சொருகியே கிடக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக் கொள்ளும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று பிரதி. இரண்டு வகைச் சாதனம். அதில் ஒன்று வேறு ஊரில், அல்லது வேறு வீட்டில்.

செலவு அதிகம் என்று பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோ டிஸ்க்கில் ஒன்று. மகள் வீட்டிலோ, தம்பி வீட்டிலோ இன்னொரு டிஸ்க். பொங்கலுக்குப் போகும்போது புதிய படங்களை ஏற்றி விட்டு வரலாம். முக்கியமான காகிதங்களை மட்டும் கூகுள் கணக்கில் போடலாம். இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.

காயலான் கடைக்கு முன்...

பழைய கம்ப்யூட்டர் ஓடவே இல்லையா? அவசரப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்று விற்கும் உறையில் போட்டு, யு.எஸ்.பி. வயரில் சொருகிப் பார்க்கலாம். பெட்டி செத்தாலும் டிஸ்க் உயிரோடு இருப்பது உண்டு.

காப்பி ஆனதும் நாலு படத்தையாவது திறந்து பாருங்கள். 'எஜெக்ட்' கொடுத்த பிறகே வயரைப் பிடுங்குங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பின், பழைய டிஸ்க்கை முழுசாக அழித்து விட்டு, பெட்டியை எடைக்குப் போடுங்கள்.

லாரி காத்திருக்கும். கால் மணி நேரம்தான் வேலை!