தையல் ஆறிய பின்

குடலிறக்கத்துக்கு ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர். சிலருக்கோ தையல் ஆறிய பிறகும் தொல்லை தீர்வதில்லை. அந்தச் சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ரண சிகிச்சை பெற்ற நெசவாளர் ஒருவர் ஆறாம் மாதம் திரும்பி வந்தார். "ஐயா, தறியில் உட்கார்ந்தால் தொடையிடுக்கில் ஊசி குத்துவது போல் வலிக்கிறது" என்றார். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. இருமச் சொன்னேன், வீக்கம் தோன்றவில்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது என் பிழை.

வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடல் பிதுங்குவதே இந்நோய். இத்தாலியின் பாதுவா நகரில் பாசினி என்னும் மருத்துவர் 1880களில் அச்சுவரைத் தைத்துப் பலப்படுத்தும் முறையை வகுத்தார். தசையை இழுத்துத் தைப்பதால் நோய் மீண்டும் வருவதுண்டு. 1980களில் அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன் என்பார், இழுக்காமல் செயற்கை இழை வலையைப் பொருத்தும் முறையைப் பரப்பினார். நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. வலி அறவே ஒழியவில்லை.

காரணம், அவ்விடத்தில் ஓடும் மூன்று மெல்லிய நரம்புகளாகும். ஒன்று தையலில் சிக்கினாலும், ஊறுபட்டாலும், தழும்பில் அகப்பட்டாலும் எரிச்சல், மரப்பு, குத்தல் உண்டாகும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. 100 பேரில் சுமார் 10 பேருக்கு இது நேர்கிறது. அன்றாட வேலையையே கெடுக்கும் கடும் வலி அவர்களுள் சிலருக்கே. அரிதாக, விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஊறுபட்டு விரை சுருங்குவதும், வலையில் சீழ் பிடிப்பதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் இருக்கிறது. நரம்பு வலிக்கான மாத்திரைகள், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, இவற்றுக்கு அடங்காவிடில் நரம்பை நீக்கும் ரண சிகிச்சை எனப் படிப்படியாகச் செய்யலாம். ஆகவே, இடம் கூச்சத்துக்குரியது என்று மறைக்காதீர்கள். மீண்டும் தோன்றிய வீக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் கண்டால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த நெசவாளர் மறுபடி என்னிடம் வரவில்லை. தறியை விட்டுவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். இப்போது ஒருவர் வலி என்றால், எந்த இடத்தில், எப்போது என்று கேட்ட பிறகே நான் தழும்பைப் பார்க்கிறேன்.